மயிலாப்பூர் வழியாகப் போன கடிதங்கள்

எனக்குச் சண்டை என்றால் ஆகாது. பஸ்ஸில் யாராவது கண்டக்டரோடு சில்லறைக்கு வாய்த்தகராறு ஆரம்பித்தால், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்து போய்விடுவேன். நந்தனத்தில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். சுவாமிநாதன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை என்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நடந்ததை எழுதித் தரும்படி ஜெயராமும் ஹம்சினியும் கேட்டிருக்கிறார்கள். ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால் எல்லோரும் படிக்கும்படி ஏற்றிவிடுவதாக ஜெயராம் சொன்னார். நியாயமான கோரிக்கை. புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ‘சாயங்காலம்’ யாருக்கும் சொந்தமில்லாத அரட்டை. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, சந்தாவும் கிடையாது. இருப்பதெல்லாம் மூன்று வீடுகளில் மூன்று கம்ப்யூட்டர். தி.நகரில் ஜெயராம் வீட்டில் ஒன்று, அடையாறில் ஹம்சினி வீட்டில் ஒன்று, மயிலாப்பூரில் கச்சேரி ரோடுக்குப் பின்னால் என் வீட்டில் ஒன்று. அந்தந்தப் பேட்டைக்காரர்கள் மோடம் வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போன் போட்டு, சொல்ல வந்ததை எழுதிவிட்டுப் போவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று அழைத்து, அன்றைக்கு வந்ததையெல்லாம் பரிமாறிக்கொள்ளும். அதனால் ஒரே அரட்டை மூன்று இடத்திலும் இருக்கும். ‘இதை எந்த ஒருத்தரும் தன் கைக்குள் போட்டுக்கொள்ள முடியாது’ என்று ஜெயராம் பெருமையாக எழுதுவார். உண்மைதான். மயிலாப்பூரிலிருந்து போவதும் மயிலாப்பூருக்கு வருவதும் மட்டும் என் வீட்டு வழியாகப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

என்ன பேசுவோம்? எல்லாம்தான். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வந்தது, எந்தத் தெருவை ஏமாற்றியது. டிசம்பர் சீசனில் எந்த சபா கேன்டீனில் ரவா தோசை தேவலை. ஜெயராம் தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பாத்திரக் கடையின் சத்தத்தைப் பற்றி மூக்கால் அழுவார். ஹம்சினி, பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் தன் தெருவில் போர்வெல் போட்டுப் போட்டு எல்லோரும் பாறையைத் தொட்டுவிட்டதைப் பற்றி எழுதுவார். நந்தனத்திலிருந்து மெஹபூப் பாஷா கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவார். தமிழைத்தான் எழுதினோம், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. போனில்கூட ஜெயராமும் நானும் மோடத்தைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறோம். ஒருவருக்கு எந்த ராகம் பிடிக்காது என்று தெரியும். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரியாது. அது ஒரு விதத்தில் சௌகரியம்.

பத்ரிநாராயணன் என் கம்ப்யூட்டருக்குப் போன் போடுகிறவர். மயிலாப்பூரில் மற்றவர்கள் விளையாட்டுப் புரோகிராம்களை இறக்கிக்கொண்டு போவதற்குத்தான் வருவார்கள். அரட்டைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர், வடக்கு மாட வீதிக்குப் பின்னால் வீடு. பிள்ளை குட்டி கிடையாது. உறவுக்காரர்கள் நிறைய உண்டு, ஆனால் யாருடனும் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டு கிரகப்பிரவேசத்தில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, வீடு கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது என்று சொன்னவர் அவர். அவர் வாய் அப்படி. அவருடைய மோடத்தை மாட்டிக் கொடுத்ததே நான்தான். அதற்கு ஒரே ஒரு நம்பரைத்தான் கூப்பிடத் தெரியும்.

‘சாயங்கால’த்தில் அவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அடிப்பார். அப்படி அடித்தால் கத்துவதாக அர்த்தம் என்று சொல்லிப் பார்த்தேன். கத்தத்தான் செய்கிறேன் என்றார். ஹம்சினி எதையாவது எழுத வேண்டியது, இவர் வரிந்து கட்டிக்கொண்டு வர வேண்டியது, அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஒரு வாரம் போகும். எல்லோரும் அதைப் படிக்கத்தான் வருகிறார்கள் என்று ஜெயராம் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரட்டை என்றால் ஒரு பண்பு வேண்டாமா?

ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இதற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வருஷ சீசனைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். ஆபீஸுக்கு லீவு போட்டு எழுதியது. அதற்கு பத்ரி சார் ஒரே வரியில் பதில் போட்டார். ‘படித்தேன், பாதியில் தூங்கிவிட்டேன், ரொம்ப நாளாகத் தூக்கம் வராமல் கஷ்டப்பட்டேன், நன்றி.’ மூன்று பேட்டையிலும் சிரித்தார்கள். பாஷாகூட சிரித்தார். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தி.நகர்ப் பக்கத்திலிருந்து செம்பியன் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்து தண்ணீர் லாரியைப் பற்றி ஒரு கவிதை போட்டார். இது கவிதையா, லாரி வந்ததற்கு அறிவிப்பா என்று பத்ரி சார் பதில் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள இன்னும் அரை மணி இருந்தது. அதற்குள் நான் அந்தக் கடிதத்தின் வெளியே போகும் பிரதியைத் திறந்து, லாரியைப் பற்றிய கவிதை அருமை என்று மாற்றினேன். பெரிய எழுத்துகளை மாற்றவில்லை. அவர் அடையாளத்தை அழிக்கக் கூடாது அல்லவா?

செம்பியன் நெகிழ்ந்துபோய் நன்றி எழுதினார். அந்த நன்றி பத்ரி சார் கண்ணில் பட்டால் அவர் குழம்புவார். அதனால் வந்த கடிதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டியதாயிற்று. கவிதையை இன்னும் நன்றாக எழுதப் பார்க்கிறேன் என்று செம்பியன் அடக்கமாகச் சொன்னதாக வைத்தேன். இரண்டு பக்கமும் சந்தோஷம். யாருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிறுத்த முடியாது என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம். வெளியே போன பத்ரி சார் ஒன்று சொன்னார், வீட்டில் இருந்த பத்ரி சார் வேறொன்று சொன்னார். வெளியே போனவருக்கு வரும் பதில்களை வீட்டில் இருப்பவரிடம் காட்ட முடியாது. வீட்டில் இருப்பவருக்குப் பதில் வராமலும் இருக்கக் கூடாது, பாவம். ஆகவே ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். முதலில் வெளியூருக்குப் போகும் பத்ரி சாரை எழுதுவேன். பிறகு உள்ளூர் பத்ரி சாருக்காக ஹம்சினி, ஜெயராம், பாஷா எல்லோரையும் எழுதுவேன். ஹம்சினி வாக்கியத்தை முடிக்காமல் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஜெயராம் கடைசியில் ஒரு சிரிப்புக் குறி போடுவார். எல்லாம் கைவந்துவிட்டது. ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

உழைப்பு கொஞ்ச நஞ்சமல்ல. பலனும் இருந்தது. ஒரு வருஷம் ‘சாயங்கால’த்தில் ஒரு சண்டைகூட இல்லை. வெளியூர் பத்ரி சார் பதமாகப் பேசினார், விட்டுக்கொடுத்தார், பிறந்தநாள் வாழ்த்து சொன்னார். என் கட்டுரைகளைப் பற்றியும் ஓரிரு முறை நல்லவிதமாகக் குறிப்பிட்டார். அதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, எழுதும்போது அப்படி வந்தது. உள்ளூரில் ஹம்சினியும் அதே அபிப்பிராயம் சொன்னது தற்செயல். பத்ரி சார் உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரா, பழைய காரம் இல்லையே என்று அடையாறிலிருந்து நிஜ ஹம்சினி கேட்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன், வயசாயிற்று, அவ்வளவுதான் என்று அவர் பெயரில் பதில் போட்டேன்.

உள்ளூர் பத்ரி சாரை ஒருநாள் தெற்கு மாட வீதியில் பார்த்தேன். கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சுவாமிநாதா, ஒருத்தரும் இப்பல்லாம் சண்டைக்கே வரமாட்டேங்கறாளே. நான் என்ன சொன்னாலும் சரிங்கறா. அந்தப் பொண்ணு ஹம்சினிகூட. என்மேல ஏதாவது மனஸ்தாபமா?”

எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது என்றேன். அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மரியாதையா என்று கேட்டுவிட்டு நடந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. கத்தரிக்காய் கனமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அவருக்கு அறுபது வயது முடிந்தது. சஷ்டியப்தபூர்த்தியைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி சொல்லியிருக்கிறார். உறவில் கூப்பிட யாரும் இல்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அதனால் பத்ரி சார் ‘சாயங்கால’த்துக்கு எழுதினார். அந்தக் கடிதம் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. ‘எங்களுக்கு மனுஷா என்று இருப்பது நீங்கள்தான். லஸ் பக்கத்தில் மண்டபம் பிடித்திருக்கிறது. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். வந்து எங்கள் தலையில் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் விட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.’

நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் பேசிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு வருஷ அமைதி போய்விடும். மஞ்சள் தடவிய பத்திரிகைகளைத் தபாலில் அனுப்ப பத்ரி சார் என்னிடம் விலாசம் கேட்டார். நானே நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கி வந்து பரணில் வைத்தேன். பிறகு ஒவ்வொருவர் பெயரிலும் வர முடியாததற்கு வருத்தம் எழுதினேன். ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும். ஜெயராமின் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஹம்சினிக்கு அம்மை போட்டிருந்தது. பாஷா தம்பி கல்யாணத்துக்காக வேலூர் போக வேண்டியிருந்தது. நான் எழுதியதிலேயே மிகச் சிறந்தவை அவைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஹம்சினியின் கடிதத்தைப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

விழாவுக்கு நான் போனேன். ஒருவராவது போக வேண்டும் அல்லவா?

மண்டபத்தில் சாஸ்திரிகள் இருந்தார்கள், சமையல்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த தம்பதி இருந்தார்கள். வாசலில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் பத்ரி சார் மணையிலிருந்து எட்டிப் பார்த்தார். வர முடியாது என்று எழுதிவிட்டாலும் ஒருத்தராவது மனசு மாறி வருவார் என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கலசத் தண்ணீர் விடும் நேரம் வந்தது. அதைப் பிள்ளைகளும் உறவுக்காரர்களும் வரிசையாக வந்து விடுவார்கள். மாடி வீட்டுக்காரர்கள் விட்டார்கள், நான் விட்டேன். வரிசை முடிந்துவிட்டது.

மாமிதான் ஈரப் புடவையோடு என்னைப் பார்த்துச் சொன்னார். “நீங்களே விட்டுடுங்கோ. ஜெயராமுக்குன்னு ஒரு சொம்பு, அந்தப் பொண்ணுக்குன்னு ஒரு சொம்பு, பாஷாவுக்கு ஒண்ணு. அவா சார்பா விட்டதா இருக்கட்டும்.”

விட்டேன். எனக்குப் பழக்கமான வேலைதான். பத்ரி சார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொம்புக்கும் ஒவ்வொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். செம்பியன் பெயரைக்கூடச் சொன்னார். பிறகு பந்தி. நீளமான ஹாலில் இலை போட்டபடி காலியாகக் கிடந்தது. நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். சமைத்தது வீணாகக் கூடாது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது பட்சணம். சமைத்தது மீந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்குப் பட்சணத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்; எனக்கும் தெரியும்; ஆனால் கம்ப்யூட்டரில் பழகியவர்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மாமிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே முறுக்கும் லட்டுமாக டப்பாக்களைக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டோவில் கிளம்பிவிட்டார். விலாசம் எதற்கு? பாண்டி பஜாரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடி என்று ஜெயராம் வருஷக்கணக்காகப் புலம்பியிருக்கிறாரே. பத்ரி சார் தினமும் அதையெல்லாம் மாமிக்கு வாசித்துக் காட்டுவாராம்.

இனி நடந்ததை நீங்கள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். ஜெயராம் கதவைத் திறந்தார். மாமி டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, மாமியாருக்குக் கட்டுப் போட்டாயிற்றா, எலும்பு சேர எள்ளுருண்டை நல்லது, அதையும் கொண்டுவந்திருக்கிறேன் என்றிருக்கிறார்.

“எந்த மாமியாருங்க? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலை” என்று ஜெயராம் சொன்னாராம்.

இதில் என் தவறு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அத்தனை வருஷம் பழகியும் அவர் பிரம்மச்சாரி என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பெரியப்பாவின் காலை ஒடித்திருந்தால் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும்.

மாமி ஜெயராமையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறு போனார். டெப்போவுக்குப் பின்னால், போர்வெல் மண் குவிந்து கிடந்த தெருவில், கேட்டுக்கு வெளியே நின்றே கூப்பிட்டிருக்கிறார். அம்மை போட்ட வீட்டுக்குள் போகக் கூடாதே. ஹம்சினி ஓர் அம்மைத் தழும்புகூட இல்லாமல் துடைத்து வைத்த முகத்தோடு வெளியே வந்தார். பத்ரி சாருக்கு அறுபது முடிந்ததே அவருக்குத் தெரியாது. பத்திரிகையும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. மாமி ஆட்டோவின் படியில் உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோக்காரர்தான் டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

“இன்னா மாமி இது, அந்த வூட்லயும் ஒண்ணியும் தெரியாதுன்றாங்கோ, இந்த வூட்லயும் தெரியாதுன்றாங்கோ. நடுவுல எவனோ ஆடிக்கினு கீறான்.”

படிக்காத மனிதர். ஆடியது என்று சொல்வது கொஞ்சம் கடுமை.

நீங்கள் எல்லோரும் அன்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்தீர்கள். ஜெயராம், உங்களை முதன்முதலாகப் பார்த்தேன், நினைத்ததைவிட உயரம். கேட்டீர்கள், நான் எதையும் மறைக்கவில்லை. அதற்கு முன்பும் மறைத்தேன் என்று சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை. ஹம்சினி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தன் பெயரில் இருந்த ஒரு வருஷக் கடிதங்களைப் படித்தார். பத்ரி சாருக்குத் தான் எழுதியதெல்லாம் அவரிடம் போய்ச் சேரவே இல்லையா என்று ஒரு தரம் கேட்டார். தன் அப்பா போன பிறகு தன்னோடு வாதம் பண்ண இருந்த ஒரே மனிதர் அவர்தான் என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

பத்ரி சார் கடைசியாக வந்தார். பட்டு வேஷ்டியில் முதல் நாள் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. வெளியூர் பத்ரி சார் எழுதிய கடிதங்களைத் திரையில் காட்டச் சொல்லி நிதானமாகப் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“இவன் நல்லவனா இருக்கான். எல்லாருக்கும் பிடிக்கும். இனிமே இவனே எழுதட்டும், நான் வரல்லை” என்றார்.

சொன்னபடியே மோடத்தைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயராம் புது மோடம் கொண்டுபோய்க் கொடுத்தாராம், வாங்கவில்லை. ஹம்சினி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய் வேண்டுமென்றே ஏதாவது தப்பாகச் சொல்லிப் பார்க்கிறாராம். நீ சொல்வது சரிதான் அம்மா என்று சொல்லிவிடுகிறாராம். மாமி உள்ளே போய் அழுகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் வருத்தம்தான். ஒரு வருஷம் அவரை நான் கண்போலப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களும் இப்போது என்னுடையதை அழைப்பதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் என் மோடம் சும்மா இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத இடத்திலிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது, அழைக்காமல் இருக்கத்தான் முடியும். முறைப்படிதான் செய்திருக்கிறீர்கள்.

ஆகவே, ஆம், கடிதங்களை மாற்றினேன், நிறுத்தினேன், உங்கள் பெயரில் எழுதினேன், அழைப்பை மறைத்தேன். எல்லாம் நான்தான். வேறு யாரும் இதில் இல்லை. ஏன் என்று கேட்டால், ‘சாயங்காலம்’ உடையாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கென்று எதுவும் இல்லை.

ஒரே ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு ஒன்று எழுதி மறுபடி மனக்கசப்பு வர வேண்டாம் என்று உங்கள் பதில்களையும் இதே ஃப்ளாப்பியில் சேர்த்திருக்கிறேன். பாஷா உடனே மன்னித்துவிட்டார். ஹம்சினி, நீங்கள் முதல் கடிதத்தில் கொஞ்சம் கோபப்பட்டிருக்கிறீர்கள், இரண்டாவதில் சமாதானமாகிவிட்டீர்கள். பத்ரி சார் நாளை முதல் மறுபடி எழுத வருகிறார். அவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.